சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் கனெக்டர்

ஒரகடம்
10.6.2024

மாமாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த அதே கம்பெனி, அதே லைன். அப்போது என் பக்கத்தில் நின்று வேலை செய்த ப்ரியா இப்போது சூப்பர்வைசர். என்னைப் பார்த்ததும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கையுறையை எடுத்துக் கொடுத்து, போய் நில்லு என்று சொல்லிவிட்டாள். செப்டம்பர் முடிய ஒப்பந்தம்.

தயவுசெய்து போன் செய்யாதீங்க. போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், கேட்பதற்கு ஆள் இல்லாமல் போய்விடுகிறது. சொல்ல வேண்டியதை எழுதுங்க. நானும் எழுதுகிறேன். எழுதும்போது நடுவில் புகுந்து வாயை மூடு என்று யாரும் சொல்ல முடியாது.

நான் ஏன் கிளம்பி வந்தேன் என்று அத்தை கேட்டால், உங்கள் மகன் போகச் சொன்னார், அவள் போய்விட்டாள் என்று சொல்லுங்க. "அந்த மஞ்சக் கனெக்டரையே கட்டிக்கிட்டு அழு, போ" என்று நடுத்தெருவில் நின்று சொன்னது நீங்கதான். நான் புருஷன் பேச்சைத் தட்டாதவள்.

அப்படி நான் என்ன செய்துவிட்டேன்? நீங்க சவாரிக்கு ஓட்டுகிற காரைக் கழுவும்போது முன்பக்க இடது சீட்டுக்கு அடியில் கை விட்டேன். மெரூன் கலர் சீட்டு கவர் போட்டுக்கொடுத்த அன்றைக்கு மெக்கானிக் ஐயாத்துரை அண்ணன் சீட்டை வெளியே எடுக்கக் கழற்றின மஞ்சள் கனெக்டர், திரும்ப மாட்டாமல் டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருக்கிறது. கார் பக்கத்து முனையில் ஒரு குட்டி ரெசிஸ்டரைச் சொருகி வைத்திருக்கிறார். ஏர்பேக் இணைப்பில்தான் இருக்கிறது என்று காரை ஏமாற்ற. அதனால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியவில்லை. நீங்களும் சரியாகிவிட்டது என்று ஓட்டுகிறீங்க.

மறுநாள் ஜெகதீஸ்வரி அக்கா ஆஸ்பத்திரிக்குப் போக நம் வண்டியைக் கூப்பிட்டு, மாசமாக இருக்கிற மகளை அந்தச் சீட்டில் உட்காரவைக்கப் போனார்கள். "பின்னாடி உக்காருங்க, அந்தச் சீட்டுல ஏர்பேக் வேல செய்யாது" என்று சொன்னேன். சவாரிக்காரர்கள் முன்னால் உங்கள் மானத்தை வாங்கிவிட்டேன் என்று குதித்தீங்க. இன்னொரு தடவை அப்படி நடந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

செல்வி


திருச்சுழி
17.6.2024

செல்விக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் கிடையாது. பத்தாவது பரீட்சையில் விடுப்பு விண்ணப்பம் எழுதினேன், அதற்கே பாதி மார்க்தான் போட்டார்கள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் நான் ஏதோ கொலை செய்த மாதிரி இருக்கிறது. டவுனில் சீட்டு கவர் போட்ட வண்டியில் பாதிக்கு ஐயாத்துரை அதைத்தான் செய்திருக்கிறான். ஒருத்தரும் செத்துவிடவில்லை. எங்கள் அப்பா காலத்தில் பெல்ட்டே கிடையாது. மாட்டு வண்டியில் என்ன ஏர்பேக் இருந்தது? விளக்கு எரிந்தால் சவாரிக்கு வருகிறவர்கள் வண்டியில் என்னமோ கோளாறு என்று இறங்கிப் போகிறார்கள். அதை அணைக்கச் சொன்னேன், அணைத்தான். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு ஜெகதீஸ்வரி அக்கா இப்போது காரியாபட்டியில் இருந்து வேறு வண்டி வரவழைக்கிறார்கள். நம் வீட்டு வாசலைத் தாண்டித்தான் அது போகிறது. ஹாரன் வேறு அடிக்கிறான்.

அம்மா சொல்லச் சொன்னாள், கம்பெனிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கருவாட்டை எந்த டப்பாவில் வைத்தாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள். ராத்திரி பஸ்ஸில் தனியாகப் போனாயே, பக்கத்தில் பொம்பளை ஆள் உட்கார்ந்திருந்ததா என்றும் அம்மா கேட்டாள்.

வண்டி நன்றாக ஓடுகிறது. மழை இல்லை.

நாகராஜ்


ஒரகடம்
26.6.2024

மாமாவுக்கு,

அத்தை கேட்கச் சொன்னதாக நீங்க எழுதினதில் கருவாட்டு டப்பா மட்டும்தான் அத்தை கேட்டது. அது எனக்குத் தெரியும். மேல் அலமாரியில் பச்சை மூடி. பஸ்ஸில் பக்கத்தில் பொம்பளை ஆள்தான். மேல்மருவத்தூர் வரைக்கும் என் தோளில் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது, நான் என்ன வேலை பார்த்தேன் என்று நீங்க ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

கார் மோதினால், சீட்டு ஓரத்துக்குள் மடித்து வைத்திருக்கிற ஏர்பேக்கை ஊதவைக்க ஒரு குப்பி இருக்கிறது. இன்ஃப்ளேட்டர் என்போம். கண்ணை மூடித் திறப்பதற்குள் பையை நிரப்பிவிடும். அந்தக் குப்பிக்குத் தகவல் சொல்ல ஒரு துளி கரண்ட் போக வேண்டும். அது போகிற வாசல்தான் எங்கள் கனெக்டர். வேறு ஏதோ வயர் என்று நினைத்து யாரும் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் மஞ்சள் நிறம். அதற்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் தகடு உண்டு. கனெக்டர் கழன்று கிடக்கும்போது அந்தத் தகடு இரண்டு பின்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வழி தவறி வருகிற கரண்ட் குப்பிக்குள் நுழையாது. ஒழுங்காகச் சொருகினால் மட்டும்தான் தகடு விலகி வழிவிடும். தகட்டை வைப்பது பக்கத்து மேஜை. பூட்டு விழுந்ததா என்று பார்ப்பது நான்.

தள்ளு, சத்தம் கேள், இழு. இதை எங்கள் மேஜையில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். தள்ளினால் டக் என்று கேட்கும். கேட்டது போதாது. சத்தம் வந்த பிறகு ஒரு தடவை பின்னால் இழுக்க வேண்டும். இழுத்தும் வரவில்லை என்றால்தான் மாட்டியிருக்கிறது. போன வாரம் ஒன்று கையோடு வந்துவிட்டது. சத்தம் நன்றாகக் கேட்டது, நான் சத்தியம் செய்வேன்.

இந்தப் பழக்கம்தான் வீட்டுக்கும் வந்தது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு இழுப்பேன், குக்கர் மூடியை இழுப்பேன், நீங்க சவாரிக்குக் கிளம்பும்போது சன்னல் வழியாகக் கையை விட்டு உங்கள் பெல்ட்டை இழுப்பேன். "எதையுமே நம்ப மாட்டியா நீ" என்று சலித்துக்கொள்வீங்க. நம்பாமல் இல்லை மாமா. ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் நிம்மதியாக மறந்துவிடலாம்.

அந்த ரெசிஸ்டர் இருக்கிற வரைக்கும் நான் அந்தக் காரில் ஏற மாட்டேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

செல்வி


திருச்சுழி
9.7.2024

செல்விக்கு,

உன் கடிதத்தை ஸ்டாண்டில் வண்டிக்குள் உட்கார்ந்து படித்தேன். புரியாத இடத்தைத் திரும்பப் படித்தேன். பெல்ட்டை இழுக்கிற இடம் புரிந்தது, இருந்தாலும் அதையும் திரும்பப் படித்தேன்.

காரில் ஏற மாட்டேன் என்று எழுதிவிட்டாய். சரி, நீயே ஜெயித்தாய் என்று வைத்துக்கொள். ஐயாத்துரையிடம் போய் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஸ்பிரிங் தகடு வரைக்கும்தான், பாக்கியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவன் சிரிக்கிறான். "ஏலே, எந்த வயரா இருந்தா என்ன, ரெண்டு முனையில பல்ப வச்சா தெரிஞ்சு போகும். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாரேன். ரெசிஸ்டரப் புடுங்கிட்டு, சீட்டுலருந்து வார கனெக்டருக்குள்ள டெஸ்ட் பல்பு ஊசிய விட்டுப் பாப்போம். லைன் நல்லாருந்தா மாட்டி விட்டுர்றேன். தங்கச்சி நிம்மதியா வீடு வந்து சேரட்டும்" என்றான்.

அவன் பல்பை உனக்குத் தெரியும்தானே. இரண்டு வயர், நுனியில் ஊசி, நடுவில் லாரி இண்டிகேட்டர் பல்பு. அதை வைத்துப் பார்க்காத வண்டி இந்தத் தாலுகாவில் இல்லை. அவன் தாலி கட்டினபோதுகூட அது சட்டைப்பையில் இருந்திருக்கும்.

ஆக, வருகிற ஞாயிற்றுக்கிழமை, பதினாலாம் தேதி, காலையில் எல்லாம் முடிந்துவிடும். உனக்காகத்தான் செய்கிறேன். முடிந்ததும் எழுதுகிறேன். அதற்கப்புறமாவது வருவாயா என்று அம்மா கேட்டாள்.

நாகராஜ்


ஒரகடம்
14.7.2024, ஞாயிறு

மாமா,

மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் அதனால்தான்.

உங்கள் கடிதம் நேற்றே வந்திருக்கிறது. வார்டன் இன்று காலைச் சாப்பாட்டு நேரத்தில்தான் கொடுத்தார்கள். படித்தேன். போன் செய்யாதே என்று சொன்ன நானே போனை எடுத்தேன். மணி அடிக்கிறது, நீங்க எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போடுகிறேன், எடுக்கவில்லை. ஐயாத்துரை அண்ணன் நம்பர் என்னிடம் இல்லை. கடைசியில் அத்தைக்குப் போட்டேன். "அத்தை, ஐயாத்துரை அண்ணன் பல்போட வருவாரு. நம்ம கார் முன்சீட்டுக்கிட்ட யாரையும் விடாதீங்க, தொட விடாதீங்க" என்று சொன்னேன். "நான் பாத்துக்கிறேன் தாயி, நீ சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். மதியம் அவர்களே கூப்பிட்டு, அவன் போய்ட்டான் என்று ஒரே வார்த்தை. அதுவரைக்கும் நான் ஹாஸ்டல் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். ப்ரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அந்தப் பல்பை எரியவைக்கிற கரண்ட் போதும் மாமா, குப்பி வெடிப்பதற்கு. ஊசியை உள்ளே விட்டால் தகடு விலகிவிடும். அப்புறம் தடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. மோதும்போது காப்பாற்றுகிற பை, சும்மா குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறவன் முகத்தில் அடித்தால் கண் போய்விடும், கழுத்து போய்விடும். ஐயாத்துரை அண்ணன் கீழே குனிந்திருப்பார். நீங்க மேலே டார்ச் அடித்துக்கொண்டு எட்டிப் பார்த்திருப்பீங்க. எனக்கு உங்களைத் தெரியும்.

மஞ்சள் கனெக்டரில் பல்பும் வைக்கக் கூடாது, மீட்டரும் வைக்கக் கூடாது. இதை அந்தத் தகட்டோடு சேர்த்து நான் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டேன்.

ஏன் போனை எடுக்கவில்லை? வேறு எதுவும் எழுத வேண்டாம், அதற்கு மட்டும் பதில் எழுதுங்க.

செல்வி


திருச்சுழி
18.7.2024

செல்வி,

அதற்குத்தான் முதலில் பதில்.

போன் அடித்தது. உன் பெயரைப் பார்த்தேன். போனே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னவள் கூப்பிடுகிறாளே என்று யோசித்தேன். தாழ்ப்பாளை இழுக்கிற மாதிரி, இவன் சொன்ன பேச்சில் நிற்கிறானா என்று என்னை இழுத்துப் பார்க்கிறாய் என்று முடிவு செய்துவிட்டேன். எடுக்காமல் இருந்தால் பாஸ். மறுபடி மறுபடி அடித்தது, மறுபடி மறுபடி நான் பாஸாகிக்கொண்டிருந்தேன். ஐயாத்துரையிடம் பெருமையாகக் காட்டினேன் வேறு. சிரித்துவிட்டாயானால் இங்கேயே நிறுத்திக்கொள், மேலே படிக்காதே.

ஐயாத்துரை பல்பை எடுத்துக்கொண்டு கார்ப் பக்கம் போனால், முன்சீட்டில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை. உருவிக்கொண்டிருக்கிறாள். எழுந்திரு என்றேன். "மாட்டேன்" என்றாள். என்ன என்று கேட்டால் கீரையை உதறுகிறாள். ஐயாத்துரை போய்ப் பக்குவமாகக் கேட்டான். அதற்குத்தான் அம்மா வாயைத் திறந்தாள். "இந்தச் சீட்டுக்கிட்ட ஒருத்தனையும் விடக் கூடாதுன்னு அவ சொல்லிருக்கா. நான் எந்திரிச்சா நீங்க தொடுவீக. நான் எந்திரிக்க மாட்டேன்யா."

ஒரு கட்டுக் கீரை உருவி முடித்தாள். அடுத்த கட்டை எடுத்தாள். வெயில் ஏறிவிட்டது, அவளுக்கு வேர்த்து ஊற்றுகிறது, நான் சன்னலைத் திறந்துவிட்டேன், அவள் என்னையும் சந்தேகமாகப் பார்த்தாள். கடைசியில் ஐயாத்துரை பல்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் தெருமுனை திரும்பினதைப் பார்த்த பிறகுதான் இறங்கினாள். இறங்கினதும் உனக்குப் போன்.

உன் கடிதம் நேற்று வந்தது. பல்பு, குப்பி, கழுத்து எல்லாம் படித்தேன். டார்ச் அடித்துக்கொண்டு எட்டிப் பார்த்திருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். டார்ச் அன்றைக்கு என் கையில்தான் இருந்தது. ஐயாத்துரையிடம் இதை மட்டும் அப்படியே படித்துக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. இனிமேல் மஞ்சளைத் தொட மாட்டேன் என்றான். டீ வாங்கினோம், இரண்டு பேரும் பாதிக்கு மேல் குடிக்கவில்லை.

நாகராஜ்


ஒரகடம்
27.7.2024

மாமாவுக்கு,

அத்தை அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்று படித்ததும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. யாரும் போகக் கூடாத இடம் என்று நான் சொன்னேன், அவர்கள் அங்கேயே காவலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் சிரித்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். அப்புறம் அழுதுவிட்டேன். அன்றைக்குக் கீரைக் கூட்டு வைத்தார்களா, பொரியல் செய்தார்களா என்று கேட்டு எழுதுங்க.

இப்போது ஒன்று சொல்கிறேன். கோபமாகச் சொல்லவில்லை. கோபம் எல்லாம் அன்றைக்குப் படிக்கட்டிலேயே போய்விட்டது. மீதி இருப்பது வருத்தம்தான்.

அது யாருடைய சீட்டு மாமா?

காரை வாங்கி வந்து பூமிநாதர் கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றின அன்றைக்கு, "ஏறு, இது உன் சீட்டு" என்று கதவைத் திறந்து விட்டீங்க. சவாரி இல்லாத நாள் எல்லாம் நான் அதில்தான் உட்கார்ந்தேன். பந்தல்குடி வரைக்கும் சும்மா போய் வடை தின்றுவிட்டு வந்திருக்கிறோம். அந்தச் சீட்டுக்கு அடியில் எனக்காக இருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டு, அதிலேயே என்னை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போயிருக்கீங்க. ஜெகதீஸ்வரி அக்கா என்ன நினைப்பார்கள் என்று யோசித்தீங்க. ஐயாத்துரை அண்ணன் என்ன நினைப்பார் என்று யோசித்தீங்க. என்னை நினைக்கவில்லை. நான் நடுத்தெருவில் வாங்கின பேச்சுக்காக வரவில்லை. இதற்காகத்தான் வந்தேன்.

இன்னும் ஒரு வருஷம் நிற்கிறாயா என்று ப்ரியா கேட்கிறாள். செப்டம்பர் முப்பதுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. இன்றைய நிலைமையில் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது.

செல்வி


திருச்சுழி
20.8.2024

செல்விக்கு,

கூட்டுதான் வைத்தாள். மூன்று நாள் ஓடியது.

உடனே பதில் எழுதவில்லை. உன் சீட்டைப் பற்றி வெறும் வார்த்தையாக என்ன எழுதினாலும் நீ இழுத்துப் பார்ப்பாய், கையோடு வந்துவிடும். அதனால் செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

வண்டியை மதுரைக்குக் கொண்டு போனேன், கம்பெனி சர்வீஸுக்கு. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மாவே நின்றார்கள். ஏன் என்று கேட்டேன். உள்ளே தேங்கின கரண்ட் வடியணும் என்றார்கள். நீ சொன்ன மாதிரியே பேசுகிறார்கள், உங்கள் எல்லாருக்கும் ஒரே வாத்தியார் போல. ரெசிஸ்டரைப் புடுங்கி என் கையில் கொடுத்தார்கள். அரிசி அளவுதான் இருக்கிறது. இந்தச் சின்னப் பொருளை வைத்துக்கொண்டு நாம் பிரிந்து இருக்கிறோம்.

கனெக்டருக்குள் இருக்கிற தகடு நசுங்கியிருக்கிறதாம், பூட்டும் உடைந்திருக்கிறதாம். ஐயாத்துரை இடுக்கியால் இழுத்திருக்கிறான். சீட்டுக்குள் போகிற வயரையே கனெக்டரோடு புதிதாகப் போட வேண்டும், வெளியூரில் இருந்து வர வேண்டும், ஒரு மாசம் ஆகும் என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

இப்போது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேதான் ஓடுகிறது. அந்தச் சீட்டின் மெரூன் கவரையும் உருவிவிட்டேன், பை வெளியே வருகிற பக்கத்தை அது மூடிக்கொள்ளுமாம். மற்ற சீட்டெல்லாம் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது, உன் சீட்டு மட்டும் மொட்டையாக இருக்கிறது. அதில் யாரையும் உட்காரவைப்பது இல்லை. சவாரிக்கு ஏறுகிறவர்கள் விளக்கைப் பார்த்துக் கேட்கிறார்கள், முன்சீட்டு ஏர்பேக் வேலை செய்யவில்லை, பின்னால் உட்காருங்க என்று நானே சொல்லிவிடுகிறேன். நீ சொன்னபோது குதித்த அதே வாய்.

பருப்புக் கடைப் பால்ச்சாமி அண்ணாச்சிக்கு முன்சீட்டில் உட்கார்ந்தால்தான் பயணம் செய்த மாதிரி இருக்கும். பிடிவாதமாகக் கதவைத் திறக்கப் போனார். நான் பூட்டிவிட்டேன். "அது எம் பொண்டாட்டி சீட்டு அண்ணாச்சி. சரியாகுற வரைக்கும் யாரும் உக்கார முடியாது" என்று சொன்னேன். ஒரு நிமிஷம் முறைத்தார். அப்புறம் பின்னால் ஏறி, காரியாபட்டி வரைக்கும் அவர் வீட்டுக்காரம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷர்தான்.

ஜெகதீஸ்வரி அக்கா மகளுக்குப் பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் இருந்து கூட்டிவர என்னைத்தான் கூப்பிட்டார்கள். விளக்கு எரிகிற வண்டிதான் வேண்டும் என்று சொன்னார்களாம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. இது உண்மையிலேயே அம்மா சொல்லச் சொன்னது.

நாகராஜ்


ஒரகடம்
2.9.2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ப்ரியாவிடம் கொஞ்சம் படித்துக் காட்டினேன். பால்ச்சாமி அண்ணாச்சி வரைக்கும். பாக்கியை நானும் மடித்து வைத்துக்கொண்டேன்.

அத்தை முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுங்க. அலமாரியில் கீழ்த்தட்டில் தைலம் இருக்கிறது. கருவாட்டு டப்பாவுக்கு நேர் கீழே.

புது வயர் வந்தால் நீங்க பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மாட்டுகிறவன் அவசரக்காரனாக இருப்பான். டக் என்று கேட்டதும் சீட்டைத் தள்ளிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். சத்தம் போதாது. இழுத்துப் பார்க்கச் சொல்லுங்க. அவன் சிரித்தால் சிரிக்கட்டும்.

அந்த ரெசிஸ்டரைத் தூக்கிப் போடாதீங்க. நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒன்றும் கேட்காதீங்க.

செல்வி


திருச்சுழி
21.9.2024

செல்விக்கு,

வயர் வந்துவிட்டது. நேற்று மதுரையில் மாட்டியாயிற்று.

நீ சொன்ன மாதிரியே ஒரு அவசரக்காரன். பெயர் அய்யப்பன். நான் குனிந்து பக்கத்திலேயே இருந்தேன். பேட்டரி கழற்றி, காத்திருந்து, எல்லாம் ஒழுங்காகச் செய்தான். புது மஞ்சள் கனெக்டரைத் தள்ளினான். டக். இதைத்தான் நீ நாள் முழுக்கக் கேட்கிறாயா? சின்னச் சத்தம்தான். நான் ஏதோ பெரிதாக நினைத்திருந்தேன்.

அவன் எழுந்தான். "இழுத்துப் பாருங்க தம்பி" என்று சொன்னேன். பூட்டு விழுந்துவிட்டது சார் என்றான். இருக்கட்டும், இழுத்துப் பாருங்க என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். "எம் பொண்டாட்டி இதே வேலதான் பாக்குறா, கேப்பா" என்றேன். உட்கார்ந்து இழுத்தான். வரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. நானும் ஒரு தடவை இழுக்கட்டுமா என்று கேட்டேன். பாவம், விட்டான். வயரைப் பிடிக்காமல் கனெக்டரைப் பிடித்து இழுங்க என்று சொல்லிக்கொடுத்தான். இழுத்தேன். வரவில்லை செல்வி.

பேட்டரியை மாட்டிக் கம்ப்யூட்டரில் பழைய கோளாறை அழித்தார்கள். சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது, தானாகவே அணைந்துவிட்டது. ஐயாத்துரை அணைத்தபோதும் இப்படித்தான் அணைந்து கிடந்தது, வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

திரும்பி வரும்போது சவாரி ஏற்றவில்லை. உன் சீட்டு பெல்ட்டைச் சும்மாவே மாட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். காரியாபட்டி தாண்டினதும் நல்ல மழை. கரிசல் எல்லாம் கறுத்துக் கிடக்கிறது, குதிரைவாலி தப்பித்துவிடும்.

செல்வி, உனக்கு அந்த வேலை பிடிக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒரு வருஷம் நிற்கணும் என்றால் நில்லு. நான் மாசம் ஒரு தடவை வண்டியை எடுத்துக்கொண்டு வந்து பார்ப்பேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டுப் போடு. நீ இல்லாமல் எனக்கு வீடு வீடாக இல்லை. ராத்திரி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு யாராவது வந்து இழுப்பார்களா என்று நிற்கிறேன். வந்துவிடு.

இதை அம்மா சொல்லச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

உன் நாகராஜ்


ஒரகடம்
28.9.2024

மாமா,

ப்ரியா இன்று வந்து பேனாவை நீட்டினாள். வாங்கி அவள் சட்டைப்பையிலேயே மாட்டிவிட்டேன். மாட்டினதும் கை தானாக அதை ஒரு தடவை இழுத்தது. அவள் சிரித்துவிட்டு, போய்த் தொலை என்றாள். இப்படி இழுத்துப் பார்க்கிற சோதனை தெரிந்தவர்களைக் கம்பெனி விடாதாம், எப்போது வந்தாலும் நிற்க இடம் உண்டு என்றாள். அதையும் உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன், மறந்துவிடாதீங்க.

ஐந்தாம் தேதி சனிக்கிழமை விடியும்போது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். காரைக் கொண்டு வாங்க. என் சீட்டுக்குக் கவர் போட வேண்டாம், மொட்டையாகவே இருக்கட்டும். ஐயாத்துரை அண்ணனை வீட்டில் இருக்கச் சொல்லுங்க. டவுனில் அவர் ரெசிஸ்டர் போட்ட வண்டிகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு மதுரைக்கு அனுப்ப வேண்டும், அவருக்கும் எனக்கும் நிறைய பேச்சு இருக்கிறது. அத்தைக்குச் சென்னைத் தைலம் வாங்கியிருக்கிறேன்.

இனிமேல் நான் போன் செய்தால் எடுங்க.

நீங்க கனெக்டரை இழுத்துப் பார்த்தீங்க, வரவில்லை என்று எழுதியிருந்தீங்க. நானும் ஜூன் மாசத்தில் இருந்து இவ்வளவு தூரத்தில் நின்று இழுத்துக்கொண்டுதான் இருந்தேன். பலமாகவே இழுத்தேன். கழன்று வரவில்லை மாமா. இனி நிம்மதியாக மறந்துவிடலாம்.

உங்கள் செல்வி